முழு உடம்பும் தெரியும் சண்டை

1978இல் ஹாங்காங்கின் சீசனல் என்ற சின்ன நிறுவனம் ஒரே ஆண்டில் இரண்டு குங்ஃபூ படங்களை வெளியிட்டது: ‘ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ’, ‘ட்ரங்கன் மாஸ்டர்’. தயாரிப்பாளர் இங் சீ-யுவென். இயக்குநர் யுவென் வூ-பிங் அதுவரை சண்டை அமைத்துக்கொண்டிருந்தவர், இயக்கத்துக்குப் புதியவர். நாயகன் ஜாக்கி சான் வேறொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருந்தார்; அங்கே நடித்த படங்கள் ஓடாததால் இரவலாகக் கிடைத்தார். பிச்சைக்காரக் கோலத்தில் வரும் கிழட்டுக் குருவாக இயக்குநரின் சொந்தத் தந்தை யுவென் சியூ-தியென். வில்லன், கொரியாவிலிருந்து வந்த டேக்வாண்டோ வீரர் ஹ்வாங் ஜாங்-லீ. இரண்டு படத்திலும் அரண்மனை கிடையாது, படைத்திரள் கிடையாது. ஒரு முற்றம், ஒரு சாப்பாட்டுக் கடை, மரப்பெஞ்சு, மண்சாடி, கடைசிச் சண்டைக்கு ஒரு வெட்டவெளி. இரண்டுமே பெரிய வெற்றி.

இந்த வகைப் படங்களை விரும்புகிறவர்களைப் பார்த்து, ‘கதை இல்லை, நடிப்பு இல்லை, அப்புறம் எதைப் பார்க்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. பதில் அந்த வெட்டவெளியில் இருக்கிறது. காட்டுவதற்கு வேறெதுவும் இல்லாதபோது மனிதனைத்தான் காட்டியாக வேண்டும். தலை முதல் பாதம் வரை, இரண்டு பேரையும் ஒரே ஃபிரேமில், நல்ல பகல் வெளிச்சத்தில் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டும்போது பார்க்கிறவர் தன் கண்ணாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்: இந்தக் கால் உண்மையிலேயே அந்த உயரத்துக்குப் போனது, கை தடுத்தது, இடையில் வெட்டு இல்லை. திரையில் நடப்பதை நம்பும்படி யாரும் கெஞ்சுவதில்லை.

அந்த உடம்புகள் எங்கிருந்து வந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவ், கோரி யுவென் ஆகியோர் ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் நடத்திய பெக்கிங் ஓபரா (பாட்டும் நடிப்பும் சண்டை வித்தையும் கலந்த சீன மேடை நாடகம்) பள்ளியின் மாணவர்கள். சிறுவயதிலேயே ஒப்பந்தம் எழுதிச் சேர்த்துவிடுவார்கள். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, ஆயுதம் சுழற்றுவது, பாட்டு, முகபாவம் என்று விடியற்காலை முதல் இரவு வரை பயிற்சி, தவறினால் பிரம்பு. 1960களின் இறுதியில் ஓபராவுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கற்ற வித்தைக்கு மேடை இல்லாமல் போன பிள்ளைகள் கூலிக்கு விழவும் அடிவாங்கவும் ஸ்டுடியோக்களுக்கு வந்தார்கள். எனவே ‘மலிவுப் படம்’ என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வது நியாயம். படத்தின் மிகப்பெரிய செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. அதை அந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக, சம்பளமில்லாமல், தங்கள் மூட்டுகளால் கட்டியிருந்தார்கள்.

அடுத்தது, படமெடுத்த முறை. ஹாலிவுட் வழக்கத்தில் ஒரு சண்டையை முதலில் தூரத்திலிருந்து முழுவதும் எடுப்பார்கள். பிறகு அதே சண்டையை ஒவ்வொருவர் பக்கமிருந்தும், கைக்கு, காலுக்கு, முகத்துக்கு என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். எதை வைப்பது என்பதை எடிட்டர் பிறகு முடிவு செய்வார். ஹாங்காங்கில் ஃபைட் மாஸ்டர் ஐந்து முதல் பத்து அசைவுகளை மட்டும் எடுத்துக்கொள்வார். அந்த அசைவுகளுக்கு எந்தக் கோணம் சிறந்தது என்று பார்த்துக் கேமராவை அங்கே வைப்பார். சரியாக வரும்வரை டேக் போகும். சரியானதும் கேமரா நகரும்; விட்ட இடத்திலிருந்து அடுத்த ஐந்து அசைவுகள். படத்தொகுப்பு பெரும்பாலும் களத்திலேயே முடிந்துவிடும். பல கம்பெனிகளில் ஃபைட் மாஸ்டர் சண்டை நாள்களில் இயக்குநரின் நாற்காலியில் உட்கார்ந்ததற்கும் இதுவே காரணம். கேமரா எங்கே நிற்கும் என்பதையும் அவர்தான் முடிவு செய்தார்.

இதில் காசுக் கணக்கு நேரடியானது. 35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம் (24 தனிப் படங்கள்) வேகத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். இரண்டு நிமிடச் சண்டையை ஆறு கோணத்தில் ஆறு முறை முழுதாக எடுத்தால் முதல் டேக்குக்கே 1,080 அடி போய்விடும். அதே சண்டையைப் பத்து வினாடித் துண்டுகளாக எடுத்தால் ஒரு டேக்குக்கு 15 அடிதான். ஒரு துண்டில் பத்து முறை தவறினாலும் 150 அடி. ஆக, பணம் குறைந்த கம்பெனிக்குத்தான் ‘இன்னொரு முறை, இன்னொரு முறை’ என்று கேட்கும் வசதி இருந்தது. ஒரு குச்சியைக் காலால் எற்றி, கையில் பிடித்து, திரும்பி அடிக்கும் மூன்று வினாடிக்குப் பல டேக் போனதன் பின்னால் இந்தச் சிக்கனம் இருந்தது.

ஒலி விஷயத்திலும் இப்படித்தான். களத்தில் வசனம் பதிவு செய்வதில்லை; எல்லாம் பிறகு டப்பிங். கொரியக்காரர் கொரியமும், தைவான் நடிகர் மாண்டரினும், உள்ளூர்க்காரர் கண்டோனீஸும் பேசிக்கொண்டே ஒரே காட்சியில் நடிக்கலாம். ஒலி வேண்டாம் என்றான பிறகு கேமரா சத்தம் போட்டாலும் கவலையில்லை. அதனால் ஆரிஃபிளக்ஸ் 2சி போன்ற, சத்தமிடும் ஆனால் எடை குறைந்த, கையில் தூக்கி ஓடக்கூடிய கேமராக்கள் போதுமானதாக இருந்தன. அந்தக் கேமராவின் மோட்டார் வேகத்தை வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம். இது முக்கியமான விஷயம்.

சண்டையை நொடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் 9 சதவீதம் வேகம் கூடும். 20இல் எடுத்தால் 20 சதவீதம். 18இல் எடுத்தால் 33 சதவீதம். 22இல் எடுத்ததைப் பெரும்பாலான கண்கள் பிடிக்காது; ஆள் கொஞ்சம் கூர்மையாகத் தெரிவார், அவ்வளவுதான். 20க்குக் கீழே போனால் உடம்பு காட்டிக்கொடுக்காவிட்டாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். தூசி சீக்கிரம் அடங்கும். சட்டைக் கையின் மடிப்பு வெடுக்கென்று படபடக்கும். கவிழ்ந்த கோப்பையின் தண்ணீர் அவசரமாகக் கீழே விழும். புவியீர்ப்பை வேகப்படுத்த முடியாது என்பதால் கீழே விழும் எதையும் கவனித்தால் போதும். தேர்ந்த ஃபைட் மாஸ்டர்கள் இதை அறிந்து, குதித்துத் தரையிறங்கும் ஷாட்டைச் சாதாரண வேகத்திலும் கைச்சண்டையைக் குறைந்த ஃபிரேமிலும் பிரித்து எடுத்தார்கள். இன்று டிஜிட்டலில் 12 ஃபிரேமுக்கு ஒன்றை நீக்கினால் அதே 9 சதவீதம் கிடைக்கும். ஆனால் நீக்கிய இடத்தில் அசைவு துள்ளும். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் அந்தத் துள்ளல் பளிச்சென்று தெரியும். கேமரா நிலையாக இருக்கும் ஷாட்டில் மட்டும் செய்வது நல்லது.

அடி விழுந்ததாகக் காட்டுவது எப்படி? குத்துகிறவரின் கை, அடிவாங்குபவரின் முகம், லென்ஸ் மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தால் இடைவெளி தெரியாது. அடிப்பவரின் தோளுக்குப் பின்னாலோ, வாங்குபவரின் தலைக்குப் பின்னாலோ கேமரா இருக்கும். நீளமான லென்ஸ் ஆழத்தைச் சுருக்கிக் காட்டுவதால் ஓரடி இடைவெளிகூட மறைந்துவிடும். அகல லென்ஸ் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நின்றால் நான்கு விரற்கடையும் அப்பட்டமாகத் தெரியும். மலிவான, மோசமான படங்களில் கை காற்றில் போகும்போதே எதிராளி விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: சண்டையை ஒரு கோணத்துக்காக ஒத்திகை பார்த்துவிட்டு, இடவசதி இல்லாமல் கேமராவை வேறு கோணத்தில் வைத்திருப்பார்கள்.

நல்ல குங்ஃபூ படங்கள் பக்கவாட்டுக் கோணத்தையே விரும்பித் தேர்ந்தெடுத்தன என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கோணத்தில் ஏமாற்ற முடியாது. அதனால் கையும் கையும் உண்மையாகவே மோதின. முன்கைத் தடுப்பு, மார்பில் விழும் உதை, வயிற்றில் விழும் உள்ளங்கை எல்லாம் தொட்டு அடித்தவை. முழு விசை இராது, ஆனால் தொடுகை உண்டு. முகத்துக்கும் தொண்டைக்கும் மட்டும் இடைவெளி. சீனாவின் சிங் வம்சக் காலத்துத் தொளதொளச் சட்டை இதற்கு உதவியது. முழங்கை, முழங்கால், முதுகு, கெண்டைக்கால் எல்லாவற்றுக்கும் உள்ளே மெத்தைத் தகடு வைக்கலாம், வெளியே தெரியாது. சட்டையில்லாமல் சண்டைபோடும் நவீன காலக் கதைகளில் அந்த வசதி போய்விட்டது. கைவைக்காத பனியனோடு ஒருவர் படிக்கட்டில் விழுந்தால் அவர் அநேகமாக அப்படியேதான் விழுந்திருக்கிறார்.

அடி விழுந்த இடத்தில் ஒரு புகைபோலத் தூசி எழும்புவதைப் பார்த்திருக்கலாம். முகப்பவுடர் அல்லது முல்தானி மட்டியைச் சட்டையில் தட்டி வைத்திருப்பார்கள். அடி பட்ட கணத்தையும் இடத்தையும் அது கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது. அதிகமாகப் போட்டால் ஆள் மாவு மூட்டை போலத் தெரிவார். அதோடு இரண்டாவது டேக்குக்கு முன் சட்டையைத் தட்டித் துடைத்து மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய டேக்கின் தடம் நிற்கும். உடையும் மேசைக்கு அடிப்பக்கத்தில் ரம்பத்தால் பாதி ஆழம் அறுத்து வைப்பார்கள். நாற்காலியின் மூட்டுகளைக் கழற்றி மெல்லிய பசையால் ஒட்டுவார்கள். உயரத்திலிருந்து விழ, காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போடுவார்கள். பெட்டியை இறுக்கமாக டேப் போட்டு மூடிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு விழுபவரை மேலே தூக்கி எறியும். காற்று வெளியேறி மெல்ல நசுங்கும்படி பக்கவாட்டில் வெட்டு விட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட, விழுபவரின் நேரம்தான் சண்டையைத் தாங்குகிறது. ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 24இல் ஒரு பங்கு. அடி பட்டதற்கும் தலை திரும்புவதற்கும் இடையே இரண்டு ஃபிரேம் தாமதித்தால் கண் ஏற்றுக்கொள்ளும். ஐந்து ஆறு ஃபிரேம் ஆனால் ‘சொல்லிக்கொடுத்தபடி விழுகிறான்’ என்று தெரிந்துவிடும். முந்திவிட்டால் இன்னும் மோசம். எடிட்டிங்கில் ஹாங்காங்காரர்கள் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார்கள். தூர ஷாட்டில் அடி படும் கணம் வரை காட்டுவார்கள்; கிட்ட ஷாட்டுக்குப் போகும்போது சரியாக அந்தக் கணத்திலிருந்து தொடராமல், மூன்று நான்கு ஃபிரேம் பின்னே போய், அடி படுவதை மறுபடி காட்டுவார்கள். பார்ப்பவருக்கு இரண்டு அடியாகத் தெரியாது, ஒரே பலமான அடியாகத் தெரியும். கண் புதிய ஃபிரேமில் எங்கே பார்ப்பது என்று தேட ஒரு கணம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தைத்தான் மீண்டும் வரும் ஃபிரேம்கள் ஈடு செய்கின்றன. அடி படும் கணத்தில் வெட்டி, அதற்குப் பிந்திய கணத்திலிருந்து தொடரும் முறையில் அடியே காணாமல் போய்விடும். உதைக்க ஆரம்பித்த கால் தெரியும், விழுந்து கிடக்கும் ஆள் தெரிவார், நடுவில் எதுவும் நடக்காது.

தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லலாம். பெக்கிங் ஓபராவில் நடிகர் ஒரு அசைவுத் தொடரின் முடிவில் சட்டென்று நின்று ஒரு தோற்றம் காட்டுவார். அந்தக் கணத்தில் மேடை ஓரத்தில் ஜால்ராவும் வெண்கலச் சேகண்டியும் அறையும். குங்ஃபூ சண்டை இந்த இலக்கணத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. நான்கைந்து அசைவுகள் வெடிக்கும். பிறகு ஒரு நிறுத்தம். இருவரும் கையைப் பிடித்தபடியோ, ஒருவர் காலை உயர்த்தியபடியோ அரை வினாடி சிலையாவார்கள். பிறகு மறுபடி வெடிப்பு. நிறுத்தம் இருப்பதால்தான் வேகம் தெரிகிறது. இடைவிடாமல் இரண்டு நிமிடம் அடித்துக்கொண்டே இருந்தால் முப்பதாவது வினாடியில் காது அடைத்ததுபோல் ஆகிவிடும், எந்த அடி முக்கியம் என்று தெரியாது. நம் மேடைக் கலைகளில் தீர்மானம் வைத்து முடிக்கும் பழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. அந்த நிறுத்தம் மூச்சு வாங்கவும், அடுத்த துண்டுக்குக் கேமராவை நகர்த்தவும் பயன்பட்டது என்பது கூடுதல் லாபம்.

டப்பிங் அறையில் இந்தத் தாளம் இன்னும் இறுகும். மூங்கில் பிரம்பைக் காற்றில் வீசினால் கை வீச்சின் ஒலி. தோலின் மேலும் ஈரத்துணியின் மேலும் அடித்தால் சதையின் ஒலி. காய்கறித் தண்டை முறித்தால் எலும்பின் ஒலி. வீச்சின் ஒலி அடிக்குச் சில ஃபிரேம் முன்பே தொடங்க வேண்டும், அப்போதுதான் காது அடியை எதிர்பார்க்கும். எல்லா அடிக்கும் ஒரே ஒலியைப் போட்ட படங்கள்தான் இன்று கேலிக்கு ஆளாகின்றன. மேல் கையால் தடுத்தால் மரச்சத்தம், வயிற்றில் விழுந்தால் கனத்த சத்தம், முடிவான அடிக்கு எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த ஒலி என்று பிரித்துப் போட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சண்டையைப் பின்தொடர வைத்தார்கள்.

ஒருவரைப் பத்துப் பேர் சூழும் சண்டைதான் எல்லாருக்கும் கடினம். வட்டமாக நின்று ‘என் முறை வரட்டும்’ என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கும் அடியாள்களை எல்லா நாட்டுப் படத்திலும் பார்க்கலாம். கெட்டிக்கார ஃபைட் மாஸ்டர்கள் இரண்டு வழியில் சமாளிப்பார்கள். முதல் ஆளைத் தூக்கி இரண்டாவது ஆளின் பாதையில் போடுவது ஒன்று. அவர் ஏன் தாமதிக்கிறார் என்பதற்குக் காரணம் திரையிலேயே கிடைத்துவிடும். இடத்தைச் சுருக்குவது மற்றொன்று. அகலமில்லாத நடைபாதையில் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் வர முடியும்.

இங்கேதான் இந்தோனேசியாவின் ‘தி ரெய்டு’ வருகிறது. 2011இல் வந்த அந்தப் படத்தின் செலவு சுமார் 11 லட்சம் அமெரிக்க டாலர். வேல்ஸ்காரரான காரெத் எவன்ஸ் இயக்கினார். நாயகன் ஈகோ உவைஸ், வில்லனின் கையாளாக வரும் யாயான் ருஹியான் இருவரும் பென்சாக் சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலை வீரர்கள். சண்டைகளை அமைத்தவர்களும் அவர்களே. கதை முழுவதும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள். நடைபாதை, அறை, படிக்கட்டு, மறுபடி நடைபாதை. இடம் நெருக்கமாக இருப்பதால் சூழ்ந்து நின்று காத்திருக்க யாருக்கும் வழியில்லை. சுவர், கதவு நிலை, குழல் விளக்கு எல்லாமே ஆயுதமாகின்றன. பெரிய செட் போட முடியாத நிலை சண்டைக் கலையின் பழைய சிக்கலொன்றைத் தீர்த்து வைத்தது. துப்பாக்கிகள் விளையாட்டுக்கான ஏர்சாஃப்ட் வகை. குண்டு வெடிக்கும் ஒளியும் தெறிக்கும் உறைகளும் பிறகு கணினியில் சேர்த்தவை. பெரிய படங்களுக்கான சினிமாக் கேமராவும் இல்லை, பானசோனிக்கின் ஏஎஃப்101 ரகம்தான். அவர்கள் தாராளமாகச் செலவிட்டது நேரத்தை. படப்பிடிப்புக்கு முன்பே ஒவ்வொரு சண்டையையும் மெத்தை விரித்த அறையில் சாதாரண ஹேண்டிகேமில் ஷாட் ஷாட்டாக எடுத்து, வெட்டி ஒட்டி, முழுச் சண்டையாகப் பார்த்துவிட்டார்கள். களத்தில் எந்தக் கோணம், எத்தனை அசைவு என்ற கேள்வியே எழவில்லை. டொராண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் அந்த ஆண்டு பார்வையாளர் விருது இதற்குத்தான் கிடைத்தது.

பெரிய பட்ஜெட் படங்களில் ஏன் இது அரிது என்றால், அங்கே சண்டையை வைத்து நடிகரைத் தேர்வதில்லை, நடிகரை வைத்துச் சண்டை. முகத்துக்காகக் காசு வாங்குபவருக்குக் காலைத் தூக்கத் தெரியாவிட்டால் டூப் வருவார். டூப்பின் முகம் தெரியக்கூடாது என்பதால் முதுகுப் பக்கம், இருட்டு, ஆட்டும் கேமரா, அரை வினாடிக்கு ஒரு வெட்டு. காப்பீட்டுக்காரர் நடிகரை விழவிட மாட்டார். குறை யாருடைய திறமையிலும் இல்லை. அதே ஃபைட்டர்கள் சின்னப் படத்தில் மின்னுவதைப் பார்க்கிறோமே.

அப்படி மின்னியவர்களில் ஒருவர் இங்கிலாந்து நடிகர் ஸ்காட் ஆட்கின்ஸ். இஸ்ரேலில் பிறந்த கராத்தே வீரரான ஐசக் ஃப்ளோரென்டைன் இயக்கிய ‘அன்டிஸ்பியூட்டட்’ வரிசையின் இரண்டாவது (2006), மூன்றாவது (2010) படங்கள் பல்கேரியாவில் எடுக்கப்பட்டு நேரே டிவிடிக்குப் போனவை. மூன்றாவது படத்தின் சண்டைகளை லார்னெல் ஸ்டோவால் அமைத்தார். சிலியின் மார்கோ ஸரோர், கபோயிரா என்ற பிரேசில் சண்டைக் கலை ஆடும் லதீஃப் க்ரௌடர் என்று ஒவ்வொரு எதிராளிக்கும் உடம்பின் மொழி வேறு. ஒரே குத்துமேடை, சிறைச்சாலைச் சுவர், ஒரு கூட்டம். ஆட்கின்ஸ் சுழன்று உதைக்கும் இடங்களில் ஃப்ளோரென்டைன் கேமராவை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, காலிலிருந்து தலைவரை ஃபிரேமுக்குள் வைத்து, உதை தொடங்கி இறங்கும்வரை வெட்டாமல் விடுகிறார். சில உதைகளின் நடுவே வேகம் மெல்லக் குறைந்து மறுபடி கூடும். அலங்காரத்துக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. உடம்பு காற்றில் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக்கொள்ள அவகாசம் தருகிறார்.

தாய்லாந்தின் கதையும் இதன் தம்பிதான். வடகிழக்கு ஈசான் பகுதியில் பன்னா ரித்திக்ராய் பல ஆண்டுகள் உள்ளூர்ப் பையன்களை வைத்து, கைக்காசுப் படங்களாக எடுத்துத் தள்ளினார். அவரிடம் பயின்ற டோனி ஜா 2003இல் ‘ஓங்-பாக்’ படத்தில் வந்தபோது கயிறு இல்லை, கணினி இல்லை, டூப் இல்லை என்பதையே விளம்பரமாக வைத்தார்கள். ஒரு தாவலை முடித்ததும் அதையே வேறு கோணத்தில் மறுபடி காட்டுவார்கள். கதையோட்டம் தடைபடும் என்று இலக்கணம் பேசுகிறவர்கள் சொல்லலாம். ஆனால் அந்த இரண்டாவது கோணம் ஒரு அத்தாட்சி, அதைக் கேட்டுத்தான் இந்தப் பார்வையாளர்கள் வருகிறார்கள்.

மலிவு என்பதாலேயே நன்றாக இருக்கும் என்ற பொருளில் இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. 1980களில் காட்ஃப்ரி ஹோ என்ற இயக்குநரும் தயாரிப்பாளர் ஜோசப் லாயின் ஐஎஃப்டி நிறுவனமும் ஏற்கெனவே எடுத்திருந்த ஆசியப் படங்களை வாங்கி, வண்ண வண்ண நிஞ்ஜா உடையில் சில வெள்ளைக்கார நடிகர்களைப் புதிதாக எடுத்துச் சேர்த்து, டப்பிங்கால் கதையை ஒட்டவைத்து, ஏராளமான ‘புதிய’ படங்களை விற்றார்கள். அவற்றில் இருவர் ஒரே ஃபிரேமில் மோதுவதைவிட, ஒருவர் ஒரு படத்திலிருந்து பார்க்க மற்றவர் இன்னொரு படத்திலிருந்து திரும்பிப் பார்ப்பதே அதிகம். கேட்க விநோதமாக இருந்தாலும் சண்டை ரசிகனுக்கு அங்கே உணவில்லை. ஒத்திகைக்கு நேரம் ஒதுக்காத எந்தப் படமும், செலவு எவ்வளவு குறைந்தாலும், இந்தக் குழியில்தான் விழும்.

மறு எல்லையில் உகாண்டா இருக்கிறது. கம்பாலாவின் வகலிகா குடிசைப் பகுதியில் நப்வானா ஐஜிஜி 2010இல் எடுத்த ‘ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்?’ படத்துக்கு 200 டாலருக்கும் குறைவாகவே செலவானதாகச் சொல்கிறார்கள். பழைய பாகங்களைப் பொறுக்கிக் கட்டிய கணினி. துப்பாக்கிகள் இரும்புக் குழாயிலும் மரத்திலும் உள்ளூரில் செய்தவை. சிவப்புச் சாயம் நிரப்பிய ஆணுறைதான் குண்டடியின் இரத்தம். அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமென்று ஹார்ட் டிஸ்கில் இருந்த மூலப்பிரதியை அழித்துவிட்டதால், இன்று கிடைப்பது விவரணைக் குரல் பதிந்த டிவிடி வடிவம் மட்டுமே. அந்தக் குரல் அங்கே ஒரு மரபு. வீடியோ அரங்கில் படம் ஓடும்போதே ஒருவர் உட்கார்ந்து கதையைச் சொல்லி, சிரிப்பும் மூட்டி, கூட்டத்தை உசுப்புவார். படத்தில் குங்ஃபூ ஆசானாக வருபவரின் பெயர் புரூஸ் யூ. அங்குள்ள பிள்ளைகள் உண்மையிலேயே குங்ஃபூ பழகினார்கள். விளக்கு இல்லாமல், நாற்காலி இல்லாமல், செம்மண் முற்றத்தில் உருண்டார்கள். ஹாங்காங்கின் வெட்டவெளிச் சண்டைகளுக்கும் இந்த முற்றத்துக்கும் இடையே நேர்கோடு ஒன்று போகிறது, அதை எந்தப் பண உதவியும் வரைந்து கொடுக்கவில்லை.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குப் பார்க்கும் முறை பற்றிச் சில சொல்ல வேண்டும். பிடித்த சண்டையை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒலி மறைத்து வைத்திருந்த காற்றடிகள் வெளிப்பட்டுவிடும், அப்போதும் நிற்பது நல்ல சண்டை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே எத்தனை அசைவு என்று எண்ணுங்கள். எட்டு, பத்து வந்தால் அங்கே இரண்டு பேர் மனப்பாடமாக உழைத்திருக்கிறார்கள். கையை விட்டுவிட்டுப் பாதத்தைப் பாருங்கள். உதைப்பவரின் ஊன்றிய கால் தரையில் திரும்பாமல் இருந்தால் அந்த உதையில் இடுப்பின் விசை இல்லை. பிறகு மூன்றாவது முறை, நாயகனை மறந்து, விழுகிறவரை மட்டும் பாருங்கள். பெயர்ப்பட்டியலில் சின்ன எழுத்தில் வரும் அவர்தான் நாயகனுக்குப் பலம் இருப்பதாக நம்மை நம்பவைத்தவர்.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். ஹாங்காங் குங்ஃபூ படங்களில் பெரும்பகுதி 2.35க்கு 1 அகலத்தில், அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலத்தில், எடுத்தவை. வீடியோ கேசட் காலத்தில் அவற்றை 1.33க்கு 1 டிவித் திரைக்கு வெட்டினார்கள். அகலத்தில் 43 சதவீதம் போய்விட்டது. இரண்டு வீரர்களையும் ஃபிரேமின் இரு ஓரத்தில் நிறுத்தி அமைத்த சண்டையில் ஓர் ஆளின் பாதியும் மற்றவரின் முஷ்டியும்தான் மிஞ்சின. அதைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதிப்பேர் ‘இந்தப் படங்களில் சண்டையே ஒழுங்காகத் தெரியாது’ என்று முடிவு கட்டினார்கள். இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல பிரதிகளும் அந்தக் கேசட்டிலிருந்து வந்தவையே. படம் திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். டிவியில் ‘திரையை நிரப்பு’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். பல பழைய படங்கள் நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்த ப்ளூரே பதிப்புகளாக வந்துவிட்டன. அவற்றில் சண்டைக்கிடையே வில்லன் எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியதில்லை. ஆங்கில டப்பிங்கில் பார்ப்பதா, கண்டோனீஸிலா மாண்டரினிலா என்று அதிகம் குழம்பவும் வேண்டாம். எல்லாமே பிறகு பதிந்த குரல்கள்தான். ஆனால் அடியின் ஒலியைச் சில பதிப்புகளில் புதிதாக, கனமாகக் கலந்து வைத்திருக்கிறார்கள். பழைய மோனோ ஒலித்தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வீச்சும் அடியும் அதில்தான் எடிட்டர் வைத்த ஃபிரேமில் விழுகின்றன.